பழைய கிட்டாரில் இரண்டாம் நிலையும் நான்காம் நிலையும்

பெங்களூர் அல்சூரில் வசிக்கும் என் பெரியப்பா 1980களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். கல்யாண வரவேற்பு, மாரியம்மன் திருவிழா, மில் தொழிலாளர் ஆண்டு விழா என்று சிவாஜி நகரிலிருந்து ஸ்ரீராமபுரம் வரை அவர் தோளில் தொங்கிய மின்கிட்டார் கொல்கத்தாவில் செய்யப்பட்டது. வெளிநாட்டு வாத்தியத்தை விலை கேட்கக்கூட வழியில்லாத அந்தக் காலத்தில் நம் மேடைக் குழுக்கள் பலவற்றுக்கும் கொல்கத்தாப் பட்டறைகள்தான் கதி. ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரின் வடிவத்தைப் பார்த்துச் செதுக்கிய உடல், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் மூன்று, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்று. அதன் சொத்து அவ்வளவுதான். "சும்மா பரண்ல கெடக்குது, எடுத்துட்டுப் போயி எதாவது பண்ணுப்பா" என்று அவர் சொன்னபோது, என்ன செய்வது என்று நான் ஏற்கெனவே தீர்மானித்திருந்தேன். ஸ்விட்ச் இரண்டு பிக்கப்புகளுக்கு நடுவில் நிற்கும்போது எழும் ஒலி இந்தக் கிட்டாரிலிருந்து வர வேண்டும். மேடையில் ஆம்ப்பின் ஒலியளவைக் கூட்டினாலும் இரைச்சல் இல்லாமல் வர வேண்டும்.

1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர் வெளிவந்தபோது அதிலும் மூன்று நிலை ஸ்விட்ச்தான் இருந்தது. வாசிப்பவர்கள் அந்த ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் பக்குவமாக நிறுத்தி, அடுத்தடுத்த இரண்டு பிக்கப்புகளையும் ஒருசேர ஒலிக்கச் செய்து புதிய ஒலி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் நிறுவனம் 1977இல்தான் ஐந்து நிலை ஸ்விட்சை ஆலையிலேயே பொருத்தத் தொடங்கியது. ஒரே தந்தியின் அதிர்வை இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்துக் கூட்டும்போது சில மேற்சுரங்கள் வலுப்பெறுகின்றன, சில ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது நடுப்பகுதி மெலிந்து, தொடக்கம் துல்லியமாகத் தெரியும் ஓர் ஒலி. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் மார்க் நாஃப்ளர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இந்த ஒலிதான். 2005இல் அவர் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது நான் கூட்டத்தில் நின்று கேட்டேன். அதே மைதானத்தில் 2003இல் ரோலிங் ஸ்டோன்ஸையும், 2007இல் அயர்ன் மெய்டனையும், 2011இல் மெட்டாலிகாவையும் கேட்டிருக்கிறேன். அந்தக் கச்சேரிகளில் கூட்டமும் ஆரவாரமும் பெரியவை. ஆனால் பிக் இல்லாமல் வெறும் விரலால் மீட்டிய ஒரு கிட்டார் அத்தனை பெரிய வெட்டவெளியில் அவ்வளவு பக்கத்தில் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பழைய மின்கிட்டார் எது கைக்கு வந்தாலும், திருப்புளியை எடுப்பதற்கு முன் அதை ஆம்ப்பில் செருகிக் கேட்பது நல்லது. இரைச்சல் எப்படிப்பட்டது என்பதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். தந்தியில் கை வைத்தால் இரைச்சல் குறைகிறதென்றால் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது, உள்ளே இரைச்சலைத் தடுக்கும் உலோக உறைதான் போதவில்லை. கை வைத்தால் கூடுகிறதென்றால் ஜாக்கில் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றன. எந்த மாற்றமும் இல்லையென்றால் தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்துவிட்டது. பெரியப்பாவின் கிட்டார் மூன்றாம் வகை. உடலின் பின்பக்க மூடியைத் திறந்தபோது ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரும்புத் தகட்டில் பழைய சால்டர் உருண்டை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒயர் கழன்று குழிக்குள் சுருண்டு கிடந்தது.

பிறகு தந்திகளைக் கழற்றி, பிக்கப்புகள் பொருத்தியிருக்கும் முகப்புத் தகடான பிக்கார்டைத் தூக்கி, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒவ்வொரு பிக்கப்பாக அளந்தேன். பிரிட்ஜ் பக்கம் 6.1 கிலோ ஓம், நடுவில் 5.9, கழுத்துப் பக்கம் ஒன்றுமில்லை. சுருள் எங்கோ அறுந்திருந்தது. ஈரக்காற்றும், சால்டர் செய்தபோது துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸும் சேர்ந்து அந்த மெல்லிய கம்பியை ஆண்டுக்கணக்கில் அரித்துவிடுவது பழைய பிக்கப்புகளில் சகஜம். வெளிச்சுற்றின் முனை அறுந்திருந்தால் ஒரு சுற்று பிரித்து மறுபடி ஒட்டிவிடலாம். இங்கே அறுந்திருந்தது சுருளின் அடியில் தொடங்கும் முனை. சுருள் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. புதிய பிக்கப் ஒன்றை வாங்கிப் போடுவது எளிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கிட்டாரின் பிக்கார்டில் உள்ள துளைகள் இன்று கடையில் கிடைக்கும் பிக்கப்புகளின் அளவுக்கு ஒத்துவரவில்லை. துளையை அராவிப் பெரிதாக்க எனக்கு மனமும் வரவில்லை.

இனி கம்பி. ஸ்ட்ராடோகாஸ்டர் வகைப் பிக்கப்புகளுக்கு 42 கேஜ் கம்பி என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அது அமெரிக்கக் கேஜ், அதாவது ஏ.டபிள்யூ.ஜி.; அதன் விட்டம் 0.063 மில்லிமீட்டர். நம் ஊர் வைண்டிங் கடைகளில் புழங்குவதோ எஸ்.டபிள்யூ.ஜி. என்னும் பிரிட்டிஷ் கேஜ். அதில் 42 என்று கேட்டால் 0.1 மில்லிமீட்டர் கம்பியைக் கொடுப்பார்கள். வேண்டிய சுற்றுகளில் பாதிகூட, கம்பியைச் சுற்றும் சட்டமான பாபினில் அடங்காது. நாம் கேட்க வேண்டியது எஸ்.டபிள்யூ.ஜி. 46; அதன் விட்டம் 0.061 மில்லிமீட்டர். இந்தியாவில் பிக்கப் சுற்ற நினைக்கும் எவரும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய எண் இதுதான். கணக்கும் எளிது. இந்தக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 5.9 ஓம், பாபினைச் சராசரியாக ஒருமுறை சுற்ற 13 சென்டிமீட்டர் சொச்சம் தேவைப்படும், ஆகவே 6 கிலோ ஓம் வேண்டுமென்றால் சுமார் 7,500 சுற்றுகள், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கம்பி. அந்த ஒரு கிலோமீட்டரும் 30 கிராமுக்குள் அடங்கிவிடும்.

ஜே.சி. ரோட்டின் பின்பக்கச் சந்து ஒன்றில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் ஆம்பூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் பாபினைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசை விசிறியும் மிக்ஸி மோட்டாருமே அவருடைய அன்றாட வேலை. ரிலே காயிலும் அளவுக் கருவிகளின் காயிலும் சுற்றிப் பழக்கமுண்டு. "எத்தினி கேஜு சார்?" என்று கேட்டார். 46 என்றேன். "நாப்பத்தாறா? தும்முனா அறுந்து பூடும் சார்" என்று சொல்லிவிட்டு, முதல் காரியமாகக் கடையின் மின்விசிறியை நிறுத்தினார். விசிறிக் காற்றில் கம்பி அதிர்ந்தால் இழுவிசை ஒரே சீராக இருக்காது.

பாபினை ஒரு சிறு மரக்கட்டையில் இருபக்க டேப்பால் ஒட்டி, கையால் சுற்றும் வைண்டிங் மெஷினின் அச்சில் பொருத்தினார். சுற்றுகளை எண்ணும் பல்சக்கர முள் பூஜ்யத்தில் நின்றது. கம்பியை இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு வெல்வெட் துண்டில் பிடித்துக்கொண்டு வலது கையால் கைப்பிடியைச் சுழற்றினார். கம்பி இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. மேசை விளக்கின் வெளிச்சம் ஒரு கோணத்தில் படும்போது மட்டும் ரீலுக்கும் பாபினுக்கும் நடுவில் ஒரு செம்புக் கோடு மின்னி மறைந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. விரலில் உராயும் உணர்வை வைத்தே சுற்றினார். இறுக்கினால் கம்பி நீண்டு மெலிந்து, மின்தடை ஏறி, கடைசியில் அறுந்துவிடும். தளர்த்தினால் சுருளுக்குள் கம்பி தன்னிச்சையாக அதிர்ந்து, ஒலியளவைக் கூட்டும்போது கீச்சிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுற்றுவதுபோல ஒவ்வொரு அடுக்கையும் வரிசை பிசகாமல் சுற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. அடுக்குகள் அப்படிச் சீராகப் படிந்தால் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு இடையிலான மின்தேக்கம் கூடி, மேல்ஸ்தாயி சற்று மழுங்கும் என்பதால் கையால் சுற்றும் பிக்கப்காரர்கள் கம்பியை வேண்டுமென்றே குறுக்கும் மறுக்குமாக ஓடவிடுவார்கள். இதை எடுத்துச் சொன்னபோது, கன்னாபின்னாவென்று சுற்றிக் கொடுத்தால் தொழிலுக்கே இழுக்கு என்று அவர் மறுத்துவிட்டார். கடைசியில், விரலை வழக்கத்தைவிட வேகமாக ஓரத்துக்கு ஓரம் நகர்த்துவதாக ஒப்புக்கொண்டார். அதனால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகப் படிந்தன. எனக்கு வேண்டியது கிடைத்தது, அவர் கண்ணுக்கும் வேலை ஒழுங்காகவே தெரிந்தது. முள் 7,500ஐத் தொட்டதும் நிறுத்தினார். கம்பியின் மேல்பூச்சு சால்டரிங் அயர்ன் சூட்டிலேயே கரையும் வகை என்பதால் சுரண்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மல்டிமீட்டர் 6.0 கிலோ ஓம் காட்டியது. மூன்று பிக்கப்புகளின் எண்களும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்று அலையத் தேவையில்லை. செம்பின் மின்தடை ஒரு டிகிரி வெப்பத்துக்கு 0.4 சதவீதம் அளவுக்கு மாறும் என்பதால், பெங்களூரின் ஜனவரிக் காலையில் அளப்பதும் ஏப்ரல் மத்தியானத்தில் அளப்பதும் எப்படியும் ஒத்துப்போகாது.

சுற்றிய சுருளை மெழுகில் ஊறவைக்க வேண்டும். நான்கு பங்கு பாரஃபின் மெழுகும் ஒரு பங்கு தேன்மெழுகும் வழக்கமான கலவை. தேன்மெழுகு சிக்பேட்டையின் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சிறு பாத்திரமாக வைத்து, வெப்பமானியை உள்ளே விட்டு, 65 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாபின் பிளாஸ்டிக் என்பதால் சூடு அதிகமானால் கோணிக்கொள்ளும். பிக்கப்பை உள்ளே இறக்கியதும் சுருளின் இடுக்குகளில் இருந்த காற்று சின்னச் சின்னக் குமிழிகளாக மேலே வரத் தொடங்கும். குமிழி நின்ற பிறகு எடுத்துத் துடைத்தால் போதும்.

நான் மிகவும் எதிர்பார்த்திருந்த கட்டம் நடுப் பிக்கப்தான். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பது ஒரு ஆன்டெனாவும்கூட. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த 50ம் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் சுருளுக்குள் நுழைந்து ஆம்ப்பில் உறுமும். நடுப் பிக்கப்பின் காந்தத் துருவத்தையும் சுருளின் திசையையும் சேர்த்துத் தலைகீழாக்கிவிட்டால், தந்தியின் ஒலி இரண்டு முறை தலைகீழாகிப் பழைய நிலைக்கே வந்துவிடும். வெளியிலிருந்து வரும் உறுமல் மட்டும் ஒருமுறை தலைகீழாகி, பக்கத்துப் பிக்கப்பின் உறுமலோடு சேர்ந்து அழிந்துவிடும். ஆகவே ஐந்து நிலை ஸ்விட்சில், நடுப் பிக்கப்போடு பிரிட்ஜ் பக்கம் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம் நிலையிலும், கழுத்துப் பக்கம் சேர்ந்து ஒலிக்கும் நான்காம் நிலையிலும் இரைச்சல் அடங்கும். தொடக்ககால ஸ்ட்ராடோகாஸ்டர்களில் இந்த ஏற்பாடு கிடையாது. நடு நிலை ஒலியின் அழகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த அழகு, பிக்கப்புகள் இரண்டு வேறு இடங்களில் இருப்பதால் வருவது.

இதற்குப் புதிதாகச் சுற்ற வேண்டியதும் இல்லை. இந்த வகைப் பிக்கப்பில் தந்திகளுக்கு அடியில் தெரிபவை வெறும் இரும்புத் துண்டுகள். காந்தம், அடியில் ஒட்டியிருக்கும் பீங்கான் காந்தக் கட்டை. முடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடேற்றிப் பசையை இளக்கி, கட்டையை எடுத்துத் திருப்பி ஒட்டினால் துருவம் மாறிவிடும். நெம்பக் கூடாது, பீங்கான் காந்தம் பட்டென்று உடையும். சுருளின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி சால்டர் செய்துவிட்டால் திசையும் மாறியதாகக் கணக்கு. துருவத்தைச் சரிபார்க்க, வீட்டில் வாஸ்து பார்க்க வாங்கி வைத்திருந்த திசைகாட்டி உதவியது. அதைக் காந்தத்துக்கு ஒட்டக் கொண்டுபோனால் முள்ளே துருவம் மாறி வாஸ்து கெட்டுப்போகும் என்பதால் ஒரு சாண் தள்ளியே பிடிக்க வேண்டும்.

துருவம், திசை இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிட்டால் பிக்கப்புகள் எதிரெதிராக இயங்கி, ஒலி சோகை பிடித்து வரும். மூடுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மல்டிமீட்டரை மில்லிவோல்ட் டி.சி. நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பிக்கப்பின் சிக்னல் ஒயரிலும் கறுப்பு முனையை எர்த் ஒயரிலும் தொடுத்து, இரும்புத் திருப்புளியின் முனையைப் பிக்கப்பின் இரும்பில் ஒட்டவைத்துச் சட்டென்று இழுக்க வேண்டும். அந்த ஒரு கணத்தில் எண் பிளஸ்ஸில் துள்ளுகிறதா மைனஸில் துள்ளுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று பிக்கப்புகளும் ஒரே பக்கம் துள்ளினால் சரி. பெரியப்பாவின் கிட்டாரில் மூன்றும் பிளஸ்ஸில் துள்ளின.

ஸ்விட்சும், வால்யூமையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) குமிழ்களும் எஸ்.பி. ரோட்டில் வாங்கியவை. ஐந்து நிலை ஸ்விட்ச் பழைய துளையிலேயே உட்கார்ந்துவிட்டது. பாட் வாங்கும்போது மட்டும் 250 கிலோ ஓம் என்று கேட்டால் போதாது, 'ஏ' வகையா 'பி' வகையா என்றும் பார்க்க வேண்டும். கடைகளில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 'பி' வகை. அதில் மின்தடை சீராக ஏறும், ஆனால் நம் காது அப்படிக் கேட்பதில்லை. வால்யூமைப் பத்திலிருந்து மூன்று வரைக்கும் திருப்பினாலும் பெரிய மாற்றம் தெரியாது, அதற்குப் பிறகு ஒரேயடியாக இறங்கிவிடும். ஆம்ப்பைப் பிளிறவிட்டு, கிட்டாரின் வால்யூமைக் குறைத்தே சுத்தமான ஒலிக்கு இறங்குவது ராக் வாசிப்பின் பால பாடம். அதற்கு 'ஏ' வகைதான் வேண்டும். டோன் பாட்டுக்கு 473ஜே என்று அச்சிட்ட பச்சைப் பாலியஸ்டர் கெப்பாசிட்டரைப் போட்டேன், அது 0.047 மைக்ரோஃபாரட். இதற்கு மேல் விலை கொடுத்து வாங்கும் கெப்பாசிட்டர்களின் மகிமை என் காதுக்கு எட்டியதில்லை.

குழிக்குள் செம்பு நாடா ஒட்டுவதைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்பவர்கள் அதிகம். நாடா தடுப்பது மின்புலம் வழியாக வரும் இரைச்சலை: டியூப்லைட், டிம்மர், சதுர அலை இன்வெர்ட்டர் ஆகியவற்றின் கரகரப்பை. பெங்களூரில் மின்சாரம் போய் வீட்டு இன்வெர்ட்டர் ஓடும்போது வாசித்தவர்களுக்கு அந்தக் கரகரப்பு நன்றாகத் தெரியும். காந்தப்புலம் வழியாக வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமலைச் செம்பு தடுக்காது. அதற்கு நடுப் பிக்கப்பைத் திருப்பிய வேலைதான் மருந்து. நாடாத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் எல்லாம் ஒரு சொட்டு சால்டர் வைத்து, மூலைக்கு மூலை மல்டிமீட்டரில் ஒரு ஓமுக்குக் கீழ் வருகிறதா என்று பார்த்தேன். ஜாக்கின் சிக்னல் முனை நாடாவில் உரசாமல் இருக்க அந்த இடத்தில் மட்டும் இன்சுலேஷன் டேப். அறுந்திருந்த எர்த் ஒயரை ஸ்பிரிங் தகட்டில் மறுபடி பிடிக்கவைக்க 25 வாட் அயர்ன் போதவில்லை. தகடு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. தகட்டை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கி, 60 வாட் அயர்னால் சூடேற்றிய பிறகே சால்டர் ஓடிப் பரவியது.

கழுத்து வேலை அதிகமில்லை. தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட் அருகே இருக்கும் இடைவெளியை அளந்தால் கழுத்தின் வளைவு தெரியும். கால் மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. இதற்கென்று தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். வண்டி மெக்கானிக்குகள் டேப்பெட் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பாமல், ஓர் இரவு விட்டு மறுநாள் அளந்து மறுபடி திருப்பினேன். ஒன்பதாம் கேஜ் தந்திகளை (தந்தியில் எண் கூடக் கூடத் தடிமனும் கூடும்) போட்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தும் சுரமும் அதே இடத்தின் ஹார்மோனிக் சுரமும் ஒத்துவரும்வரை பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் படியும் சிறு துண்டுகளான சேடில்களை நகர்த்தினேன்.

காக்ஸ் டவுனில் நாங்கள் வழக்கமாகப் பயிற்சி செய்யும் அறையில் முதலில் செருகிப் பார்த்தோம். முதல் நிலையில் உறுமல், இரண்டாம் நிலையில் அமைதி, மூன்றாம் நிலையில் உறுமல், நான்காம் நிலையில் அமைதி, ஐந்தாம் நிலையில் உறுமல். ஸ்விட்சை ஒவ்வொரு நிலையாகத் தள்ளும்போது இப்படி மாறி மாறிக் கேட்டால் வேலை சரியாக முடிந்தது என்று பொருள். மிஞ்சிய உறுமலையும், ஆம்ப்புக்கு நேர் எதிரே நிற்காமல் உடலைக் கொஞ்சம் திருப்பி நின்றால் பெருமளவு குறைக்கலாம். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்துக்குச் சுருள் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. இரண்டாம் நிலையில் எழுந்த ஒலி, நாஃப்ளரிடம் கேட்ட ஒலிக்கு உறவுமுறை என்று சொல்லலாம்; பங்காளி இல்லை, தூரத்துச் சொந்தம். பீங்கான் காந்தத்துக்கே உரிய ஒரு முரட்டுத்தனம் அதில் இருக்கிறது, அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

மேடை வேறு கதை. எங்கள் குடியிருப்பில் கர்நாடக மாநிலம் உருவான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவ விழாவில் கன்னடத் திரைப்பாடல்கள் முடிந்த பிறகு எங்களுக்கு அரை மணி நேரம் தந்தார்கள். ஜெனரேட்டர், எல்.இ.டி. விளக்குகள், ஒலிபெருக்கிக்கு ஒரு லைன், ஆம்ப்புகளுக்கு வேறு லைன். இப்படிப்பட்ட இடத்தில் நான் முதலில் எடுப்பது கிட்டாரை அல்ல, மல்டிமீட்டரைத்தான். ஏ.சி. வோல்ட் நிலையில் வைத்து ஒரு முனையைக் கிட்டார் தந்தியிலும் மறு முனையை மைக்கின் வலையிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். அன்று மீட்டர் 70 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆம்ப்பின் லைனில் எர்த் இணைப்பே இல்லை. 1972இல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி வேல்ஸின் ஸ்வான்சீ நகரத்து மேடையில் கிட்டாரோடு மைக்கைத் தொட்ட மாத்திரத்தில் மின்சாரம் பாய்ந்து இறந்தார். காரணம், எர்த் இல்லாத மைக். ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லி ஆம்ப்புகளையும் ஒலிபெருக்கியின் போர்டிலிருந்தே எடுக்கச் செய்தபின் மீட்டர் ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. இரைச்சல் குறையும் என்று பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடும் பழக்கம் நம் குழுக்களில் இன்னும் இருக்கிறது. அதைக் கண்டால் வாசிக்காமல் இறங்கிவிடுவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

வாசிப்பில் ஒரு வேறுபாடு எனக்கே தெரிந்தது. ஒரு வரியை வெட்டி நிறுத்திவிட்டு அடுத்த வரியைத் தொடங்கும் இடங்களில் முன்பெல்லாம் என் வலது உள்ளங்கை தந்திகளை அடக்குவதிலும் சுண்டுவிரல் வால்யூமைக் குறைப்பதிலுமே இருக்கும். மெட்டாலிகா அரண்மனை மைதானத்தில் அடித்து நிறுத்தும் இடங்களில் எல்லாம் அவ்வளவு பெரிய ஒலி கத்தரித்ததுபோல் நின்றதைக் கேட்டு வியந்திருக்கிறேன். அந்தக் குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கிட்டார்களில் இருப்பவை பேட்டரியில் இயங்கும் இ.எம்.ஜி. பிக்கப்புகள், அவற்றின் இரைச்சல் மிகக் குறைவு. ஒற்றைச் சுருளில் அந்த அளவுக்கு அமைதி வராது. என்றாலும் நான்காம் நிலையில் வைத்தபோது இடைவெளிகள் இடைவெளிகளாகவே நின்றன. டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் அதைக் கவனித்துக்கொண்டு நிறுத்தங்களை இன்னும் நீட்டினார். ஒரு பாட்டின் நடுவில் பிரிட்ஜ் பக்கம் மட்டும் வைத்துப் பார்த்தேன். ஜெனரேட்டரின் வேகம் ஏறி இறங்குவதற்கேற்ப உறுமலின் சுருதியும் ஏறி இறங்கியது, உடனே இரண்டாம் நிலைக்குத் தள்ளிவிட்டேன்.

கிட்டாரை அல்சூருக்கு எடுத்துப்போய்ப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். எல்லா நிலைகளிலும் கொஞ்சம் வாசித்துப் பார்த்தார். இரண்டாம் நிலையில், "இதுல சதையே இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டு ஐந்தாம் நிலைக்கு, அதாவது ஆம்பூர்ப் பெரியவர் சுற்றிக் கொடுத்த கழுத்துப் பக்கப் பிக்கப்புக்குத் தள்ளினார். அதன் பிறகு ஸ்விட்சைத் தொடவில்லை. உறுமல் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. தந்தி மட்டும் மெலிதாக இருக்கிறது, அந்தக் காலத்தில் போட்ட பதினொன்றாம் கேஜ் வேண்டும் என்றார். அந்தத் தந்திகளின் இழுவிசைக்குப் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும். மூன்று ஸ்பிரிங்கை நான்காக்க வேண்டும், கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் படியும் சிறு கட்டையான நட்டின் பள்ளங்களை அகலப்படுத்த வேண்டும், கழுத்தின் வளைவை மறுபடி அளக்க வேண்டும். ஸ்பிரிங் வாங்கியாகிவிட்டது, நட்டுக்கு ஏற்ற மெல்லிய அரம் கிடைத்ததும் தொடங்குவேன்.